இன்றைய தேதியைப் போட்டது யார்?

இறந்துபோன ஒரு பெண்ணுக்கு ரத்தம் கேட்டு நீங்கள் செய்தி போட்டீர்கள். போன செவ்வாய்க்கிழமை காலை, நம் ரத்தக் கொடையாளர் வாட்ஸ்அப் குழுவில். தெரியாமல் விரல் பட்டுப் போன செய்தி அல்ல அது. பல வருடம் பழைய செய்தி ஒன்றை எடுத்து, அதன் தலையில் அன்றைய தேதியை எழுதி, நம் குழுவின் முத்திரையையும் ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். ஒருங்கிணைப்பாளர்கள் நீங்கள் ஆறு பேர். ஆறு பேரும் பயன்படுத்தும் பொது எண்ணிலிருந்து அது போயிருக்கிறது. அதனால் ஆறு பேரில் யார் என்று எனக்குத் தெரியாது. செய்தவருக்குத் தெரியும்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்காக, சமூக வலைத்தளம், எல்லோரும் சேர்ந்து எழுதும் ஷீட், இவற்றைப் பற்றி அறிமுகமாக நாலு பக்கம் எழுதித் தரும்படி போன மாதம் என்னிடம் கேட்டீர்கள். எழுதவும் தொடங்கியிருந்தேன். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அழுத்துவதற்கு முன் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். இதுதான் அறிமுகம்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்த வங்கியில் இருபத்தெட்டு வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். மூன்று வருடம் முன்பு ஓய்வு பெற்றேன். இந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் நானும் ஒருத்தி. நீங்கள் போட்ட அந்தச் செய்தியை முதலில் எழுதியவளும் நான்தான். அதை மறைத்துவிட்டு உங்களைத் திட்டினால் எனக்கு நாக்கு கூசும்.

குழுவுக்கு ஷீட் போட்டுக் கொடுத்தவர் சுரண்டையில் செல்போன் கடை வைத்திருந்த அண்ணாச்சி. பெயர், ஊர், போன் எண், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த நாள். இணைப்பு கையில் இருக்கிற எவரும் திறக்கலாம், எவரும் எழுதலாம். யார் எழுதினார்கள் என்று அதில் பெயர் தெரியாது. எல்லோரும் நல்லவர்கள்தானே, என்ன கெட்டுப்போகும் என்று அப்போது நினைத்தோம். நல்லவர்களால்தான் கெட்டது.

குற்றால சீசன் உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து சாரல். புளியங்குடியிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பெயர் எழுத மாட்டேன். ஏற்கெனவே அவர் பெயர் தேவைக்கு மேல் எத்தனையோ போன்களில் கிடக்கிறது. கணவர் எலுமிச்சை மூட்டை ஏற்றிச் செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்கு லோடு வண்டி ஓட்டுகிறவர். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. அந்தப் பெண்ணுக்குக் கர்ப்பப்பையில் கட்டி, நிற்காத ரத்தப்போக்கு. ஓ நெகட்டிவ். முதல் பிரசவத்திலேயே அவர் உடம்பில் எதிர்ப்பு உருவாகிவிட்டதால் பாசிட்டிவ் ரத்தத்தை ஏற்ற வழியே இல்லை. நான்கு யூனிட் வேண்டும். என்னிடம் இருந்தது ஒன்று.

டாக்டர் நேராக என்னிடம் வந்தார். "மத்தியானத்துக்குள்ள இன்னும் மூணு வேணும். அது இல்லாம தியேட்டருக்குள்ள கொண்டு போக மாட்டேன்" என்றார்.

ஷீட்டைத் திறந்தேன். ஓ நெகட்டிவ் என்று பதினெட்டுப் பெயர்கள். ஒருவருக்கே பதற்றத்தில் அலைந்த காலம் போய் இத்தனை பேரா என்று நிம்மதியாக இருந்தது. முதல் ஆளை அழைத்தேன்.

"அக்கா, நான் பி பாசிட்டிவ்லா?" என்றார்.

இரண்டாவது ஆள் கடையத்தில் வாத்தியார். "நெகட்டிவா? நாலு தடவ உங்ககிட்டதான் குடுத்திருக்கேன். ஏ பாசிட்டிவ்னு எழுதுன ஆளே நீங்கதான்" என்றார். மூன்றாவது ஆள், "நான் ஓ தான், ஆனா பாசிட்டிவ்" என்றார். ஐந்தாவது ஆளிடம் பேசி முடித்ததும் ஷீட்டை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தேன். யாரோ பெயர், ஊர், போன் எண் இவற்றை மட்டும் அகர வரிசைப்படி அடுக்கியிருக்கிறார்கள். ரத்த வகைக் கட்டங்கள் அசையாமல் அப்படியே நின்றிருக்கின்றன. ஒருவருடைய பெயருக்கு நேரே வேறொருவருடைய ரத்தம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களும் அப்படியே.

ரத்த வங்கியில் சோதித்துப் பார்க்காமல் யாருக்கும் ஏற்ற மாட்டோம். ஆகையால் தவறான ரத்தம் ஏறியிருக்காது. ஆனால் நேரம் போனது. அந்த ஷீட்டைச் சரிசெய்துவிடலாம் என்று உட்கார்ந்து அரை மணி நேரத்தைத் தின்றேன். அது என் முதல் தவறு. கருவி உடைந்தால் அதைக் கீழே வைத்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும். ஆள் ரத்தம் இழந்துகொண்டிருக்கும்போது கருவியைப் பழுது பார்க்கக் கூடாது.

ஜன்னலுக்கு வெளியே அந்தப் பெண்ணின் கணவர் நின்றுகொண்டிருந்தார். எலுமிச்சை மூட்டை தூக்கிய சட்டையோடு வந்தவர்.

"எக்கா, என் நம்பரப் போட்டு எல்லாருக்கும் அனுப்பி விடுங்க. எவனாவது ஒருத்தன் வருவாம்லா" என்றார்.

எழுதினேன். மிக அவசரம் என்று தொடங்கினேன். பெயர், மருத்துவமனை, ரத்த வகை, கணவரின் எண். இரண்டு வயதுக் குழந்தையின் தாய் என்று எழுதினேன். அனைவருக்கும் பகிரவும் என்று முடித்தேன். தேதி போடவில்லை. போட வேண்டும் என்றே தோன்றவில்லை. எனக்கு அவசரம் என்றால் அந்த ஞாயிற்றுக்கிழமைதான். வேறு ஒரு நாளில், வேறு ஓர் ஊரில், யாரோ அதைப் படிப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

பத்து நிமிடத்தில் குழு நிரம்பியது. கும்பிடு படங்கள், கண்ணீர் படங்கள். "பகிர்ந்துவிட்டேன்", "நானும் பகிர்ந்துவிட்டேன்", "பிரார்த்திக்கிறேன்". ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. கணவரின் போன் மட்டும் ஓயாமல் அடித்தது. ஈரோட்டிலிருந்து ஒருவர், துபாயிலிருந்து ஒருவர். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, கெடச்சிட்டா?" கொடுக்கக்கூடிய ஆள் ஒருவர் அழைத்திருந்தால்கூட அந்த இரைச்சலில் கிடைத்திருக்க மாட்டார்.

அப்போதுதான் குற்றாலம் மெயின் அருவிக் கூட்டம் ஞாபகத்துக்கு வந்தது. அருவிக்கரைப் போலீஸ் உதவி மையத்தில் ஒரு மைக் உண்டு. பிள்ளையைத் தொலைத்தவர்களுக்கும், செருப்பைத் தொலைத்தவர்களுக்கும் நாள் முழுக்க அதில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். எண்ணைத் தேடி அழைத்தேன். எடுத்தவர் ஏட்டு. பின்னால் அருவிச் சத்தம். நானும் கத்தினேன், அவரும் கத்தினார்.

"இங்கன மூச்சு விட எடமில்ல மேடம். என்ன சொல்லணும், சுருக்கமா சொல்லுங்க."

சொன்னேன். ஓ நெகட்டிவ் என்பதை இரண்டு தடவை சொல்ல வைத்தேன். அவர் எழுதிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"எதுவரைக்கும் சொல்லணும்?"

எனக்குப் புரியவில்லை. "என்ன சார்?"

"எப்ப நிப்பாட்டணும்னு கேக்கேன். கெடச்ச பெறகும் நான் கத்திக்கிட்டே இருந்தா சனம் அங்கன வந்து உங்களத்தான் வையும். மூணு ஆளு வந்ததும் எனக்கு ஒரு போன் அடிங்க, நிப்பாட்டிருதேன்."

இருபத்தெட்டு வருட வேலையில் என்னிடம் ஒருவர் கேட்ட நல்ல கேள்வி அதுதான். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு ஷீட்டும் தெரியாது, குழுவும் தெரியாது. ஆனால் ஒரு செய்தியைத் தொடங்கும்போதே அதை எப்போது முடிப்பது என்று கேட்கத் தெரிந்தது.

ஒரு மணி நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர்கள் நான்கு பேர். ஒருவர்கூடத் துணி மாற்றவில்லை. ரத்த வங்கித் தரையெல்லாம் தண்ணீர். ஒருவர் மேலெல்லாம் மசாஜ் எண்ணெய், ஊசி குத்த இடம் துடைக்கவே நான் பஞ்சுப் பொட்டலத்தில் பாதியைத் தீர்த்தேன். இன்னொருவர் பக்கத்தில் போனதுமே வாடை அடித்தது.

"குடிச்சிருக்கியாலே?"

"லேசா அக்கா. குளிருக்கு."

"ஓடிப்போ அங்கிட்டு."

"ரத்தம் நல்ல ரத்தம்க்கா. பாத்துட்டாவது சொல்லுங்க."

"நாளைக்கு வா, பாக்கேன். இப்ப எந்திரி."

அவரையும், எடை போதாத ஒரு கல்லூரிப் பெண்ணையும் திருப்பி அனுப்பினேன். அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள். மதுரைக்காரர் இருவர் தேறினார்கள். மூன்றாமவர் பின்னாலேயே தனியாக வந்தார், ஐந்தருவி ரோட்டில் பழக்கடை வைத்திருப்பவர். மைக்கில் கேட்ட யாரோ அவருக்குப் போனில் சொல்லியிருக்கிறார்கள். சீசன் ஞாயிற்றுக்கிழமையில், ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவிந்து கிடக்க, கடைக்குத் தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

ஏட்டுக்குப் போன் அடித்தேன். "கெடச்சிட்டு சார், நிப்பாட்டுங்க." போனைக் காதில் வைத்துக்கொண்டே மைக்கில் சொன்னார்: ரத்தம் கிடைத்துவிட்டது, வந்தவர்களுக்கு நன்றி. அருவிக்குள் நின்ற கூட்டம் ஓவென்று கத்தியது எனக்குப் போனில் கேட்டது.

அந்தப் பெண் பிழைத்தார். ஏட்டு மைக்கில் சொன்னது அன்றைக்கே அருவிச் சத்தத்தோடு போய்விட்டது. நான் எழுதியது போகவில்லை. நம் குழுவில் "கிடைத்துவிட்டது, நன்றி" என்று போட்டேன். வெளியே எத்தனை குழுக்களுக்கு அது போயிருந்தது என்று யோசிக்காமல் வீட்டுக்குப் போனேன். அது இரண்டாவது தவறு.

மறுநாள் காலை குழுவில் சுரண்டை அண்ணாச்சி எழுதியிருந்தார். "ஷீட்டைக் கெடுத்தது நான்தான். பேரைத் தேட லேசா இருக்கட்டும்னு சனிக்கிழமை அடுக்கினேன். ரத்த வகைக் கட்டமும் கூடவே வரும்னு நெனச்சேன். வரல. பாக்கவும் இல்ல." அதற்கடியில் அவர் பெயர், கடை பெயர்.

அவர் சொல்லியிராவிட்டால் கடைசி வரைக்கும் யாருக்கும் தெரிந்திருக்காது. குழுவில் ஒருவர் காட்டமாகக் கேட்டார்: "ஒரு உசிரு போயிருந்தா என்ன சொல்லியிருப்பீரு?" அண்ணாச்சி எழுதினார்: "இதையேதான் சொல்லியிருப்பேன்."

அந்தப் பதிலுக்குப் பிறகு யாரும் வையவில்லை. என்ன நடந்தது என்று தெளிவாகத் தெரிந்ததால்தான் சரிசெய்யவும் முடிந்தது. ஒவ்வொருவரும் தன் தன் பெயருக்கு நேரே ரத்த வகையைத் திருத்திக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் ஷீட் பழையபடி ஆனது. அதற்கப்புறம்தான் விதிகள் போட்டோம். வாரம் ஒரு நகல் எடுத்து வைப்பது. குடும்பத்தாரிடம் பேசிய பிறகே செய்தி போடுவது. தேதி இல்லாமல் எந்தச் செய்தியும் போடக் கூடாது என்பது நான் போட்ட விதி. அதை வைத்துத்தான் இப்போது என்னை அடித்திருக்கிறீர்கள்.

அந்தக் குடும்பத்துக்கு அழைப்புகள் நிற்கவில்லை. மாதத்துக்கு ஏழெட்டு. முதலில் அது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. தென்காசிக்கு வரும்போதெல்லாம் அந்தப் பெண் ஒரு பை எலுமிச்சையோடு என்னைப் பார்க்க வருவார்.

"எக்கா, நேத்து பெங்களூர்லேருந்து ஒருத்தர். நாந்தான் எடுத்தேன். ஓ நெகட்டிவ் இன்னும் வேணுமான்னாரு. எனக்குத்தான் வேண்டியிருந்திச்சி, ஏத்தி முடிச்சாச்சு, இப்ப இட்லிக்கு மாவாட்டிக்கிட்டு நிக்கேன்னு சொன்னேன். அந்த மனுசனுக்கு ஒரே சிரிப்பு."

"நம்பர மாத்திரலாம்லா?" என்றேன் ஒருநாள்.

"அதெப்படிக்கா? வண்டிக்குப் பின்னால பெயின்ட்ல எழுதியிருக்கு. கேரளா யாவாரிங்க அத்தன பேருக்கும் அந்த நம்பர்தான். வந்தா வந்துட்டுப் போவுது, நல்ல மனசுல கூப்பிடுதாங்க."

நானும் சிரித்தேன். அந்தச் செய்தி எங்கெல்லாம் போகிறது என்று தேடிப் போய் அப்போதே நிறுத்த முயன்றிருக்க வேண்டும். முழுதாக முடிந்திருக்காது, ஆனால் முயன்றிருக்க வேண்டும். சிரித்தது மூன்றாவது தவறு.

இரண்டு வருடம் முன்பு அவர் காய்ச்சலில் இறந்துபோனார். ஐந்தே நாள். அந்தத் தடவை ரத்தம் தேவைப்படவும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மத்தியானம் அவர் கணவர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. போனை எடுத்து நீட்டினார். காலையிலிருந்து வந்த அழைப்புகள், விரலால் தள்ளத் தள்ள முடியவில்லை.

"காலைல குளிக்கப் போயிருந்தேன். பிள்ள எடுத்திருக்கா. உங்கம்மாவுக்கு ரத்தம் வேணுமாமே, எந்த வார்டும்மான்னு கேட்டிருக்காங்க. கதவத் தட்டுதா. அப்பா, அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்களாம், போவோமாங்கா. நான் என்ன சொல்லணும் அக்கா? நீங்களே சொல்லுங்க."

அவர் போனை வாங்கி அந்தச் செய்தியைத் திறந்து பார்த்தேன்.

"அது போவட்டும்" என்றார். "இல்லன்னு சொன்னா இப்ப நம்ப மாட்டேங்காங்க. இன்னைக்குத் தேதி போட்டிருக்கு, முத்திர இருக்கு, ரத்தம்னு சொல்லி ஏமாத்துதியாலேன்னு ஒருத்தன் கேக்கான். புனலூர் யாவாரி ஒருத்தரு அதே செய்தியக் காட்டி, எந்தா இது, நிங்கட நம்பர் அல்லே, உங்க நம்பர்தானேன்னு கேட்டாரு. இருவது வருச நம்பருக்கா. எனக்கு அது ஒண்ணுதான் போர்டு, அது ஒண்ணுதான் கடை."

அவர் முன்னாலேயே உங்களில் மூவரை அழைத்தேன். ஒருவர், "பழசு அக்கா, யாரோ பார்வர்ட் பண்ணுனது" என்றீர்கள். பார்வர்ட் பண்ணினால் தேதி தானாக எழுதிக்கொள்ளாது. இன்னொருவர், "பொது நம்பர்லேருந்து போயிருக்கு, ஆருன்னு சொல்ல முடியாதுக்கா" என்றீர்கள். அந்தப் பொது எண்ணே எதற்கு என்று இப்போது புரிகிறது. மூன்றாமவர் சொன்னதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. "தேதி இல்லாம போடக்கூடாதுன்னு நீங்கதான ரூல் வச்சிய? தேதி போட்டுத்தான போயிருக்கு?"

ஆமாம். விதி கேட்டது, போட்டுவிட்டீர்கள். கட்டம் காலியாக இருந்தது, நிரப்பிவிட்டீர்கள். தேதி என்பது ஓர் அலங்காரம் அல்ல. "இன்று நான் இந்தக் குடும்பத்தோடு பேசினேன்" என்பதற்கான சாட்சி. பேசாமல் தேதி போடுவது பொய்ச் சாட்சி. இதைச் சொல்லிக்கொடுக்காமல் வெறும் விதியை மட்டும் விட்டுவிட்டுப் போனது என் குற்றம்.

அன்று மத்தியானமே சத்தமில்லாமல் செய்தியை நீக்கிவிட்டீர்கள். நம் குழுவில் நீங்கியது, வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது. ஏன் நீக்கினோம் என்று ஒரு வரி எழுதவில்லை. செங்கோட்டையிலிருந்து நம் பழைய கொடையாளர் ஒருவர் அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, மருத்துவமனை வரவேற்பில் அப்படி ஒரு நோயாளியே இல்லை என்று கேட்டுவிட்டுத் திரும்பினார். அவரும் ஓ நெகட்டிவ். இரவு என்றும் பகல் என்றும் பார்க்காமல் வந்தவர். "ஷீட்ல இருந்து என் பேர எடுத்திருங்க மேடம்" என்று மட்டும் சொன்னார். வையக்கூட இல்லை.

கிளம்பும்போது அந்த வண்டிக்காரத் தம்பி கேட்டது இவ்வளவுதான். "மன்னிப்பு வேண்டாம்க்கா. வீட்டுக்கு வந்து ஆரும் பழம் குடுக்க வேண்டாம். போட்டவங்க குழுவுல அவங்க பேர்ல, இது நாங்க போட்ட தப்புச் செய்தி, அந்த ஆளு ஏமாத்துக்காரன் இல்லன்னு எழுதட்டும். கூப்பிடுதவனுக்கு எல்லாம் அத நான் காட்டிக்கிடுதேன்."

வெள்ளிக்கிழமை நான் என் பங்கை எழுதிவிட்டேன். முதல் செய்தியை எழுதியது நான், தேதி போடாதது நான், வெளியே ஓடியதைத் தேடிப் போய் நிறுத்தாமல் விட்டது நான் என்று, என் பெயரோடும் என் எண்ணோடும் குழுவில் கிடக்கிறது. அதற்கடியில் நிறையக் கும்பிடு படங்கள் வந்திருக்கின்றன. நீங்கள் ஆறு பேரும் கும்பிட்டிருக்கிறீர்கள். எனக்குக் கும்பிடு வேண்டாம்.

சனிக்கிழமை அவரையும் குழுவில் சேர்க்கச் சொல்லிச் சேர்த்தாயிற்று. இப்போது அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எனக்குப் போன் செய்யாதீர்கள். தனியாகச் செய்தி அனுப்பாதீர்கள். பொது எண்ணிலிருந்து எழுதாதீர்கள். என் செய்திக்கு அடியில், உங்கள் சொந்த எண்ணிலிருந்து, உங்கள் பெயரைப் போட்டு, எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். அந்தத் தேதியைப் போடுவதற்கு முன், அதே செய்தியில் இருந்த எண்ணுக்கு ஒரு தடவையாவது அழைத்தீர்களா, இல்லையா?